மெஷின் வந்தது பிப்ரவரியில், முதல் சுத்தமான பிளாங்க் வந்தது அக்டோபரில்

கோயம்புத்தூரில் ஒரு சின்ன தண்ணீர்ப் பரிசோதனை லேப் நடத்துகிறேன். மொத்தம் பதினோரு பேர். குடிநீர், போர்வெல் தண்ணீர், சாயப்பட்டறைக் கழிவுநீர் இதெல்லாம்தான் எங்களுக்கு வரும் சாம்பிள்கள். 2024 பிப்ரவரியில், சாம்பிள் தயாரிப்பைத் தானாகவே செய்யும் ஒரு மெஷினைக் கடன் போட்டு வாங்கினேன். அடுத்த எட்டு மாதங்களில் பதினைந்து லட்சத்துக்கு மேல் போயிற்று. என் லேபில் இருப்பதிலேயே கவனமான ஒருவரை அநியாயமாகத் திட்டினேன். இரண்டு தப்பான ரிப்போர்ட் கொடுத்தேன். வாங்குவதற்கு முன் யாராவது ஒருவர் என்னை உட்காரவைத்து அரை மணி நேரம் பேசியிருந்தால் இதில் முக்கால்வாசி நடந்திருக்காது. அந்த அரை மணி நேரப் பேச்சைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் எதற்காக வாங்கினேன் என்று சொல்லிவிடுகிறேன். திருப்பூர் ஏற்றுமதியாளர்களிடம் வெளிநாட்டு பையர்கள் பீஃபாஸ் பற்றிக் கேட்க ஆரம்பித்திருந்தார்கள். துணியில் தண்ணீர் ஒட்டாமல் இருக்கப் போடும் ஃபினிஷ், எண்ணெய்க் கறை பிடிக்காத பூச்சு இவற்றில் பல காலமாகப் பயன்பட்டு வந்த ஃபுளோரின் ரசாயனக் குடும்பம் அது. எளிதில் சிதையாது. அதில் பி.எஃப்.ஓ.எஸ். 2009-லும், பி.எஃப்.ஓ.ஏ. 2019-லும் எளிதில் அழியாத நச்சு ரசாயனங்களைக் கட்டுப்படுத்தும் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கைப் பட்டியலில் ஏறின. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பான இ.பி.ஏ. 2024 ஏப்ரலில் குடிநீருக்கு இந்த இரண்டுக்கும் வைத்த வரம்பு லிட்டருக்கு 4 நானோகிராம். நூறு கோடி லிட்டர் தண்ணீரில் 4 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த அளவில் ஒன்றைத் தேடும்போது, தேடுகிற கருவியே அழுக்காக இருந்தால் என்ன ஆகும் என்பதுதான் என் கதை.

கரைசலில் உள்ள சேர்மங்களைப் பிரித்து அளக்கும் எல்.சி.எம்.எஸ். கருவி எங்களிடம் ஏற்கெனவே இருந்தது. ஆனால் தண்ணீரை அப்படியே அதில் செலுத்தி இவ்வளவு சிறிய அளவைப் பார்க்க முடியாது. இ.பி.ஏ.வின் 1633 முறைப்படி அரை லிட்டர் தண்ணீரைச் சின்ன கார்ட்ரிட்ஜ் ஒன்றின் வழியாக நிமிடத்துக்கு 5 மில்லி வீதம் இறக்க வேண்டும். பீஃபாஸ் அதில் பிடித்துக்கொள்ளும். பிறகு அமோனியா கலந்த மெத்தனாலை ஊற்றி அதை வெளியே எடுக்க வேண்டும். கையால் செய்தால், வேக்குவம் மேனிஃபோல்டு என்கிற, தண்ணீரை உறிஞ்சி இறக்கும் குழாய் வரிசையின் முன்னால் ஒருவர் உட்கார்ந்து பன்னிரண்டு குழாய்களிலும் சொட்டு வேகத்தைத் திருகித் திருகிச் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும். கார்ட்ரிட்ஜ் நடுவில் காய்ந்துவிடக் கூடாது. எங்கள் சீனியர் கெமிஸ்ட் இதைச் செய்து செய்து தோள்பட்டை வலியோடு வீட்டுக்குப் போவார். ஒரு நாள் அவர் வலது கையைத் தூக்க முடியாமல் இடது கையால் ஹெல்மெட் மாட்டியதைப் பார்த்தேன். அன்றைக்கு இரவே மெஷின் வாங்குவது என்று முடிவுசெய்துவிட்டேன். அந்த முடிவு தவறு என்று இன்றும் நினைக்கவில்லை. வாங்கிய விதம்தான் தவறு.

ஆறு சேனல் மெஷின், அதாவது ஆறு சாம்பிளைத் தனித்தனிப் பாதையில் ஒரே நேரத்தில் ஓட்டும். விலை 38 லட்சம், ஜி.எஸ்.டி. சேர்த்து 44 லட்சத்து 84 ஆயிரம். பேங்க் கடன் 30 லட்சம், மாதத் தவணை அறுபத்தைந்தாயிரம் சொச்சம். மீதி கைக்காசு. விற்பனைக்கு வந்தவர் டெமோ காட்டினார். பூச்சிமருந்து எச்சத்துக்குத்தான் டெமோ, ரெக்கவரி, அதாவது போட்ட பொருளில் திரும்பக் கிடைக்கும் பங்கு, பிரமாதமாக இருந்தது. "பீஃபாஸுக்கும் இதே மெஷின்தானே?" என்று கேட்டேன். "சூட்டபிள் சார்" என்றார். கொட்டேஷனிலும் அந்த ஒரு வார்த்தைதான் இருந்தது. அந்த வார்த்தைக்கு நான் 45 லட்சம் கொடுத்தேன். நீங்கள் எந்தப் பொருளைத் தேடப் போகிறீர்களோ அதற்குத்தான் டெமோ கேட்க வேண்டும். அதுவும் உங்கள் லேப் தண்ணீரில், நீங்கள் ரிப்போர்ட் செய்யப் போகும் அளவில். பூச்சிமருந்துக்கு நன்றாக ஓடும் மெஷின் பீஃபாஸுக்கு ஓடும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

இன்னொன்று, ஒரு நாளைக்கு எத்தனை சாம்பிள் என்று பிரோஷரில் போட்டிருக்கும் எண்ணிக்கை. எனக்கு 24 என்று சொன்னார்கள். அன்றே ஒரு பேப்பரில் கணக்குப் போட்டிருக்கலாம். 500 மில்லியை நிமிடத்துக்கு 5 மில்லி வீதம் இறக்கினால் நூறு நிமிடம். அந்த வேகத்தைக் கூட்டினால் பொருள் கார்ட்ரிட்ஜில் பிடிக்காமல் தண்ணீரோடு போய்விடும். மெஷின் எவ்வளவு புத்திசாலியாக இருந்தாலும் இந்த நூறு நிமிடத்தைக் குறைக்க முடியாது. முன்னால் கார்ட்ரிட்ஜைத் தயார்செய்வது, பின்னால் உலர்த்துவது, வடித்தெடுப்பது, லைன்களைக் கழுவுவது எல்லாம் சேர்த்தால் ஒரு சுற்றுக்கு மூன்று மணி நேரம். வேலை நேரத்தில் இரண்டு சுற்று, ஆக பன்னிரண்டு. அதில் பிளாங்க் (ஒன்றுமே இல்லாத சுத்தத் தண்ணீரை ஓட்டுவது), ஸ்பைக் (தெரிந்த அளவு பொருளைப் போட்டு ஓட்டுவது), டூப்ளிகேட் (அதே சாம்பிளை இன்னொரு முறை ஓட்டுவது) போக வாடிக்கையாளரின் சாம்பிள் எட்டோ ஒன்பதோதான். பழைய பன்னிரண்டு போர்ட் மேனிஃபோல்டில் கையாலேயே கிட்டத்தட்ட இதே எண்ணிக்கையைச் செய்துகொண்டிருந்தோம். மெஷின் கொடுப்பது ஒரே மாதிரியான வேகத்தையும், ஒரு மனிதரின் தோள்பட்டைக்கு ஓய்வையும். அது பெரிய விஷயம்தான், ஆனால் வருமானம் இரண்டு மடங்காகும் என்று கணக்குப் போட்டுக் கடன் வாங்குவதற்கு அது காரணம் ஆகாது. நான் அப்படித்தான் வாங்கினேன்.

மெஷின் வந்தது. சர்வீஸ் இன்ஜினியர் இரண்டு நாள் இருந்தார். பம்ப் சரியான வேகத்தில் ஓடுகிறதா, வால்வு திறந்து மூடுகிறதா, லீக் இருக்கிறதா என்று சோதித்தார். எல்லாம் பாஸ். ஒரு ஸ்பைக் ஓட்டினோம், ரெக்கவரி 90-ஐ ஒட்டி வந்தது. ஒரே ஒரு பிளாங்க், முதல் சேனலில். அதில் பி.எஃப்.ஓ.ஏ. லிட்டருக்கு 1.1 நானோகிராம் இருந்தது. எங்கள் ரிப்போர்ட்டிங் லிமிட், அதாவது ரிப்போர்ட்டில் எண்ணாக எழுதும் மிகக் குறைந்த அளவு, 2. பிளாங்க் அதில் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே, அதாவது 0.67-க்குக் கீழே இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் லேபில் எழுதி வைத்திருந்த விதி. எனக்குத் தெரியும். "புது லைன்கள் சார், நாலு தடவை கழுவினால் போய்விடும்" என்றார் இன்ஜினியர். நானும் அதை நம்ப விரும்பினேன். இன்ஸ்டலேஷன் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டு, நிறுத்திவைத்திருந்த கடைசி பத்து சதவீதப் பணத்தையும் அந்த வாரமே அனுப்பிவிட்டேன்.

என் கையில் இருந்த ஒரே பிடி அந்தப் பத்து சதவீதம்தான். அது போன பிறகு என் போன்களுக்குப் பதில் வரும் நேரம் மணிக்கணக்கிலிருந்து வாரக்கணக்குக்கு மாறியது.

மார்ச்சில் ஆறு சேனலிலும் ஒரே சமயத்தில் பிளாங்க் ஓட்டச் சொன்னேன். ஒன்றில் 0.9, ஒன்றில் 2.3, நாலாவது சேனலில் 5.8. மறுநாள் அதே சோதனை, வேறு எண்கள். லிமிட் 2 என்று இருக்கும்போது ஒன்றுமே இல்லாத தண்ணீரில் 5.8 வருகிறது. அந்த மேஜை முன்னால் நின்றபோது வயிற்றைப் பிசைந்தது இன்னும் நினைவிருக்கிறது. அப்புறம் நான் செய்ததுதான் எனக்கு இன்றும் உறுத்துகிறது. மெஷின் மேல் சந்தேகப்படுவதை விட்டுவிட்டு மனிதர்கள் மேல் சந்தேகப்பட்டேன். பீஃபாஸ் எங்கே வேண்டுமானாலும் இருக்கும், ரெயின்கோட்டில், ஹேண்ட் கிரீமில், சாப்பாட்டுப் பொட்டலத்தாளில் என்று படித்திருந்தேன். அதனால் கெமிஸ்டைக் கூப்பிட்டு, "ஏம்மா, கைக்கு என்ன தடவுறே? எந்த பிராண்ட் கிளவுஸ்? டிபன் எங்கே வெச்சு சாப்பிடுறே?" என்று விசாரணை மாதிரிக் கேட்டேன். எல்லோர் முன்னாலும் கேட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாளிலிருந்து தலைக்கு எண்ணெய்கூட வைக்காமல் வந்தார்.

மூன்று மாதம் இப்படியே ஓடியது. மெத்தனால் மாற்றினோம். தண்ணீர் சுத்திகரிப்பு யூனிட்டில் கார்ட்ரிட்ஜ் மாற்றினோம். பாட்டில்களை வேறு பேட்சில் வாங்கினோம். ஒவ்வொன்றாக மாற்றாமல் பதற்றத்தில் இரண்டு மூன்றை ஒரே நேரத்தில் மாற்றினோம், அதனால் எண் இறங்கினாலும் எதனால் இறங்கியது என்று தெரியாது, ஏறினாலும் தெரியாது. இதில் மட்டும் கார்ட்ரிட்ஜ், ஸ்டாண்டர்டு என்று மூன்று லட்சத்துக்கு மேல் காலி.

இந்த நிலையில் இருக்கும் யாருக்கும் நான் சொல்வது, பின்னாலிருந்து முன்னால் வாருங்கள். முதலில் எல்.சி.எம்.எஸ்.ஸில் வெறும் மெத்தனால் செலுத்திப் பாருங்கள். அதுவே சுத்தமாக இல்லையென்றால் கோளாறு கருவியில், கரைப்பானில் அல்லது வயல் எனும் சின்னக் குப்பியில். அது சுத்தம் என்றால், வடித்தெடுக்கும் அளவு மெத்தனாலை நைட்ரஜன் ஊதி ஆவியாக்கும் இடத்தில் மட்டும் வைத்து எடுத்துப் பாருங்கள், ஊதும் குழாய்கூடக் காரணமாக இருக்கும். அதுவும் சுத்தம் என்றால் பழைய மேனிஃபோல்டில் கையால் ஒரு பிளாங்க். அப்போது தண்ணீர், பாட்டில், கார்ட்ரிட்ஜ் எல்லாம் சோதனைக்குள் வந்துவிடும். கடைசியாக மெஷினில், கார்ட்ரிட்ஜ் இல்லாமல் ஒன்று, கார்ட்ரிட்ஜோடு ஒன்று. ஒரு படிக்கு ஒரு நாள். ஒரே வாரத்தில் குற்றவாளி தெரிந்துவிடும். நான் இதை ஜூலையில்தான் செய்தேன். நானாகச் செய்யவும் இல்லை.

ஜூலையில் ஒரு நாள் மாலை அந்தக் கெமிஸ்ட் லாக் புக்கைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். ஏப்ரல் முதல் வாரப் பக்கத்தைத் திறந்து காட்டினார். "மேனுவல் பிளாங்க் சுத்தம். மெஷின் பிளாங்க் மட்டும் அதிகம். டியூப் என்ன மெட்டீரியல்?" என்று அவர் கையெழுத்தில் இருந்தது. கீழே மேற்பார்வையாளர் கையெழுத்து, என்னுடையது. படிக்காமல் போட்டிருக்கிறேன். "சொல்லலாம்னுதான் இருந்தேன் சார். நீங்க கேட்ட விதத்துல சொல்லத் தோணலை" என்றார். அன்றைக்கே நாலாவது சேனலின் டியூபைக் கழற்றி, அமோனியா கலந்த மெத்தனாலை அதில் நிரப்பி, இரண்டு முனையையும் அடைத்து இரவு முழுவதும் வைத்தோம். காலையில் நேராக எல்.சி.எம்.எஸ்.ஸில் செலுத்தினோம். திரையில் பி.எஃப்.ஓ.ஏ.வின் முகடு மலை மாதிரி எழுந்து நின்றது.

டியூப் பி.டி.எஃப்.இ., அதாவது டெஃப்லான் வகை. வால்வுக்குள் இருந்த சீலும் அதே. எந்த ரசாயனத்துக்கும் அசைந்துகொடுக்காது என்பதால் லேப் கருவிகளில் எங்கும் இதைத்தான் போடுவார்கள். ஆனால் அந்த பாலிமரைத் தயாரிக்கும்போது பல பத்தாண்டுகளாக பி.எஃப்.ஓ.ஏ.வைத்தான் துணைப்பொருளாகப் பயன்படுத்தி வந்தார்கள். அதன் மிச்சமும் அதன் உறவுக்காரச் சேர்மங்களும் டியூபிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். பூச்சிமருந்து பார்ப்பவருக்கு அதனால் ஒரு பாதிப்பும் இல்லை. எங்களுக்கோ தேடும் பொருளே மெஷினின் நரம்புக்குள் ஓடிக்கொண்டிருந்தது. இப்படிப்பட்ட மெஷின்களுக்கு பீக் (ஃபுளோரின் இல்லாத ஒரு பிளாஸ்டிக்), எஃகு, பாலிஎத்திலீன் பாகங்கள் கொண்ட தனி கிட் உண்டு என்பது அதற்குப் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. கொட்டேஷனில் அது இல்லை. விலை 4 லட்சத்து 60 ஆயிரம், வெளிநாட்டிலிருந்து வர பத்து வாரம். "சூட்டபிள் என்றுதானே எழுதினீர்கள்" என்று சண்டை போட்டேன். "சூட்டபிள்தான் சார், ஆப்ஷனல் கிட் போட்டால்" என்று பதில் வந்தது. எழுத்தில் என்னிடம் வேறு எதுவும் இல்லை, பணம் கட்டினேன்.

இதற்கு நடுவே அந்த இரண்டு ரிப்போர்ட். மார்ச் தொடக்கத்தில், ஆறு சேனல் பிளாங்க் பார்ப்பதற்கு முன்பு, ஒரு சாயப்பட்டறைக்குக் கொடுத்தவை. அவர்கள் ஆர்.ஓ. போட்டு மீட்டெடுக்கும் தண்ணீரில் பி.எஃப்.ஓ.ஏ. 4-க்கு மேல் இருக்கிறது என்று எழுதியிருந்தோம். 2011-இல் உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ப் பட்டறைகள் மூடப்பட்ட காலத்தைப் பார்த்தவர் அந்த உரிமையாளர். லேப் ரிப்போர்ட் என்றால் அவருக்கு விளையாட்டு இல்லை. பீஃபாஸ் இல்லாத ஃபினிஷ் என்று சொல்லிச் சப்ளை செய்துவந்த ஒரு சின்ன வியாபாரியிடம் எங்கள் காகிதத்தை வைத்துக்கொண்டு கொள்முதலையே நிறுத்திவிட்டார். வைத்திருந்த மீதித் தண்ணீரை கையால் மறுபடி செய்து பார்த்தபோது எங்கள் லிமிட்டுக்குக் கீழே இருந்தது. இரண்டு ரிப்போர்ட்டையும் திரும்பப் பெற்றுத் திருத்திக் கொடுக்க நானே நேரில் போனேன். அவர் கோபப்படவில்லை. ஃபோனை எடுத்து அந்த வியாபாரியைக் கூப்பிட்டு, என் முன்னாலேயே, "அண்ணே, தப்பு லேப்ல, உங்க மேல இல்லை" என்றார். அந்த வியாபாரி அதற்குள் ஒரு ஆளை வேலையிலிருந்து நிறுத்தியிருந்தார். திரும்பி வரும்போது பல்லடம் ரோட்டில் வண்டியை ஓரம்கட்டிக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

கிட் வந்து மாட்டியதும் பிளாங்க் சுத்தமானது. ஆனால் அத்தோடு முடியவில்லை. ஆர்.ஓ. தண்ணீருக்கு ஓடிய மெஷின் கழிவுநீருக்கு நின்றது. மிதக்கும் துகள்கள் கார்ட்ரிட்ஜை அடைத்துவிடும், பம்ப் அழுத்தம் ஏறி அந்தச் சேனல் மட்டும் பாதியில் நின்றுவிடும். கையால் செய்யும்போது கண் பார்க்கும், மெஷினுக்குக் கண் இல்லை. 1633 முறையிலேயே சொல்லியிருக்கிறபடி கார்ட்ரிட்ஜுக்குள் கண்ணாடிக் கம்பளியை அடைத்த பிறகு பெரும்பாலும் சரியானது. ரொம்பக் கலங்கலானவற்றை இன்றும் மேனிஃபோல்டில்தான் செய்கிறோம். பழைய மேனிஃபோல்டைத் தயவுசெய்து விற்றுவிடாதீர்கள். அது இல்லாமல் இருந்திருந்தால் என்னால் எதையும் ஒப்பிட்டே பார்த்திருக்க முடியாது.

பாட்டில் கழுவுவதையும் சொல்ல வேண்டும். நீளமான பீஃபாஸ் வகைகள் பாட்டில் சுவரில் ஒட்டிக்கொள்ளும். அதனால் முழுத் தண்ணீரும் இறங்கிய பிறகு, வடித்தெடுக்கும் கரைசலாலேயே பாட்டிலையும் கழுவி அதையும் கார்ட்ரிட்ஜ் வழியாக எடுக்க வேண்டும். சில மெஷின்கள் இதைத் தானே செய்யும், எங்களுடையது செய்யாது. கடைசியில் ஆள் நின்று ஊற்ற வேண்டும். இந்தக் குறை முதலில் தெரியாமல் போனதற்குக் காரணம், டெமோ மாதிரியே ஸ்பைக்கைக் கடைசி நிமிடத்தில் பாட்டிலில் போட்டு உடனே ஓட்டியதுதான். பாட்டிலில் போட்டு, மூடி, ஒரு இரவு வைத்துவிட்டு ஓட்டினால்தான் உண்மை தெரியும். அதிகச் செறிவுள்ள சாம்பிளுக்குப் பிறகு அதே சேனலில் ஒரு பிளாங்க் ஓட்டுங்கள், எச்சம் எவ்வளவு தூரம் தொடர்கிறது என்று தெரிந்துகொள்ள. ஆறு சேனல் என்றால் ஆறு மெஷின் என்று நினைத்துக்கொள்வது நல்லது. ஒன்று சுத்தம் என்பதால் பக்கத்தில் இருப்பது சுத்தம் ஆகாது.

இனி ஒரு மெஷின் வாங்கினால் பர்ச்சேஸ் ஆர்டரில் நான் எழுதப்போவது இதுதான். எல்லாச் சேனலிலும், எங்கள் தண்ணீரில், எங்கள் ஆள் ஓட்டி, மூன்று வெவ்வேறு நாள் பிளாங்க், ஒவ்வொன்றும் ரிப்போர்ட்டிங் லிமிட்டில் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே. இரவு முழுக்க வைத்த ஸ்பைக்கின் ரெக்கவரி 70-லிருந்து 130 சதவீதத்துக்குள். இவை வந்த பிறகே கடைசித் தவணை, அதுவும் பத்து அல்ல, இருபத்தைந்து சதவீதம். திரவம் தொடும் ஒவ்வொரு பாகமும் என்ன மெட்டீரியல் என்று எழுத்தில் பட்டியல். டியூப், சீல் இரண்டு செட் கூடவே வர வேண்டும். கருவியைப் பயன்பாட்டுக்கு எடுக்கும் முன் அது தேவைக்குப் பொருந்துகிறதா என்று நாமே சரிபார்க்க வேண்டும் என்று லேப்களுக்கான தர விதியான ஐ.எஸ்.ஓ. 17025-இல் 6.4.4-ஆவது பிரிவே சொல்கிறது. ஆடிட்டர் கேட்பார் என்று அதை ஃபைலில் வைத்திருந்தேன். விற்பவரிடம் காட்ட வேண்டிய காகிதமும் அதுதான் என்று அப்போது தோன்றவில்லை.

பணக் கணக்கு: வேலை செய்யாத மெஷினுக்கு எட்டு மாதத் தவணை 5 லட்சத்து 20 ஆயிரம், கிட் 4 லட்சத்து 60 ஆயிரம், வீணான பொருள்கள் 3 லட்சத்துச் சொச்சம். அந்தக் காலத்தில் நாங்கள் செய்ய முடியாமல் வேறு லேபுக்கு அனுப்பிய சாம்பிள்களுக்குக் கையிலிருந்து கொடுத்தது இரண்டரை லட்சம்.

கெமிஸ்டிடம் மன்னிப்புக் கேட்டேன். எல்லோர் முன்னாலும் திட்டியதால் எல்லோர் முன்னாலும்தான் கேட்டேன். இப்போது ஒவ்வொரு திங்கட்கிழமையும் காலையில் ஆறு சேனலிலும் பிளாங்க் ஓடும். ரிசல்ட் அவர் மேஜைக்குத்தான் முதலில் போகும், அவர் சரி என்று கையெழுத்துப் போட்ட பிறகுதான் அந்த வாரச் சாம்பிள்கள் குளிர்பெட்டியிலிருந்து வெளியே வரும். போன மாதம் நாலாவது சேனலில் 0.8 வந்தது. மூன்று நாள் வேலையை நிறுத்திவிட்டு டியூபை மாற்றினார். அந்த மூன்று நாளும் நான் அவரிடம் எதுவும் கேட்கவில்லை.